அம்மம்மாவின் சீலைக்கு யாருடைய பாட்டு?

‘வின்டேஜ்’ எண்ட சொல் இப்ப எங்கட கம்பஸ்களில நல்லா ஓடுது. கலைவிழாவோ, ஊடகப் பாடத்தின் ஒப்படையோ, மூன்று நிமிச ஃபஷன் படம் எடுக்கச் சொன்னால் பலர் போய் நிற்கிறது அதிலதான். அம்மம்மாவின் சீலை, ஒற்றைப் பின்னல், பழைய கல்வீட்டு விறாந்தை. உடுப்பிலும் இடத்திலும் எங்கட ஆக்கள் காட்டுகிற கவனம் உண்மையிலேயே நல்லா இருக்கு. ஆனால் ஐந்தாவது செக்கனில ஒரு அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் வரும். அதுக்கு மேல கிராமபோன் தட்டின் கரகரப்பு. அந்த இடத்திலேயே விறாந்தை யாழ்ப்பாணத்தை விட்டுப் போயிடும்.

பழைய பாட்டு எண்டால் எல்லாம் ஒண்டுதானே எண்டு கேட்கலாம். என்ர கருத்து, ஒரு படம் யாருடைய கடந்தகாலம் எண்டதை உடுப்பைவிட முதலில் சொல்வது பாட்டுத்தான்.

வொங் கார் வாயின் ‘இன் த மூட் ஃபோர் லவ்’ (2000) படத்தை எடுங்கோ. கதை தொடங்குவது 1962 ஹொங்கொங்கில. மெகி சியுங் மாற்றி மாற்றி அணியும் சியொங்சம் உடுப்புகளுக்காகவே அதைத் திரும்பப் பார்க்கிற ஆக்கள் இருக்கினம். ஆனால் அதில அடிக்கடி வரும் வயலின் இசை, 1991இல் வந்த ‘யுமேஜி’ எண்ட ஜப்பானியப் படத்துக்காக உமெபயாஷி எழுதினது. இன்னொரு பக்கம், நட் கிங் கோல் எண்ட அமெரிக்கர் ஸ்பானிய மொழியில பாடுறார். இரண்டுமே ஹொங்கொங்கில பிறந்த இசை இல்லை. பிறகேன் பொருந்துது? கோலின் பாட்டு அந்தக் காலத்து உணவகமொன்றில் அவர்கள் கேட்டிருக்கக்கூடியது. அந்த வயலின் ஒரு மெதுவான வோல்ட்ஸ். அவள் நூடில்ஸ் வாங்கப் படியிறங்கும்போது காட்சியும் அதே அளவுக்கு மெதுவாகுது.

இதிலிருந்து எங்களுக்கு இரண்டு கேள்விகள் கிடைக்குது.

முதலாவது, இந்த வீட்டில இருந்தவை எதைக் கேட்டிருப்பினம்? 1970களின் வீடு எண்டால் விடை வானொலியில இருக்கு. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் பாட்டுகள் அந்தக் காலத்து இளசுகளின் சத்தம். எம்.எஸ்.வி., சுசீலா வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. சென்னையில பிறந்தாலும் அந்தப் பாட்டுகள் இலங்கை வானொலி வழியா எங்கட குசினிவரைக்கும் வந்தவை. கரகரப்புக்குப் பதிலா ட்ரான்சிஸ்டரின் சத்தத்தைச் செய்து பாருங்கோ: பாட்டை மோனோவாக்கி, அடிச்சத்தத்தையும் உச்சச் சத்தத்தையும் வெட்டிவிட்டால் போதும்.

இரண்டாவது, இந்தத் துணி எந்த வேகத்தில அசையுது? ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டு எண்டது ரீல்ஸின் பழக்கம். சீலைத் தலைப்பு தோளில விழுந்து அடங்க ஒரு நேரம் வேணும். அதுக்கு முதல் வெட்டினால் நாங்கள் பார்த்தது உடுப்பின் நிறத்தை மட்டும்தான். சுப்பர் 8 மாதிரித் தெரிய வேணும் எண்டு தூசும் கீறலும் ஒட்டுகிறவைக்கு இன்னொரு விசயம்: 1965இல் வந்த அந்தப் படச்சுருளில் எடுத்த வீட்டுப் படங்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 18 பிரேம், அனேகமாகச் சத்தமே இல்லாதவை. பத்து செக்கன் மௌனம் சில வேளை எந்தப் பாட்டையும்விட பழசாக் கேட்கும்.

ஒப்படைக்கு இவ்வளவு யோசிக்க வேணுமா? வேணும் எண்டுதான் நினைக்கிறன். 1983 கலவரத்தில இலங்கைத் தமிழ்ப் படங்கள் சிலவற்றின் பிரதிகள் எரிஞ்சு போச்சு. இடப்பெயர்வுகளில எத்தனையோ குடும்பங்களின் அல்பங்கள் போச்சு. பல வீடுகளில அம்மம்மா இளமையில எப்பிடி இருந்தா எண்டு காட்ட ஒரு போட்டோகூட இல்லை, அவ நடந்து வாற காட்சிக்கு எங்க போறது? மூண்டு நிமிசப் படமொன்றில் ஒரு பிள்ளை அந்தச் சீலையைக் கட்டி நடக்கேக்க, எங்களிட்ட இல்லாத காட்சி ஒன்றைத்தான் உண்டாக்குறம். அதுக்கு இன்னொருத்தரின் நினைவை ஒலியாகப் போடுறது எனக்குச் சரியாப் படேல்லை.

பழைய பாட்டு எண்டதால அது இலவசமும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, ஆக்கியவர் இறந்து 70 வருசம் வரைக்கும் பதிப்புரிமை இருக்கு. அனுமதி கிடைக்காட்டில் இசைத்துறையில படிக்கிற ஒருத்தரிட்ட வயலினையோ கிற்றாரையோ குடுத்து, அந்தக் காலத்துச் சாயலில புதுசா ஒண்டு வாசிக்கச் சொல்லலாம். இலவச இசைத் தளத்தில ‘ரெட்ரோ’ எண்டு தேடி எடுக்கிறதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்த முறை சீலையை இரவல் கேட்கப் போகேக்க கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கோ: “இதைக் கட்டின காலத்தில வீட்டில என்ன பாட்டுப் போகும்?” எடிட்டிங்கை அங்க இருந்து தொடங்கலாம்.