மலைச் சரக்கும் மலை மக்களும்

நாங்குநேரியிலிருந்து மேற்கே நோக்குவோருக்குத் தெரியும் களக்காட்டு மலை, வடக்கே பாபநாசம் வரை தொடர்ந்து செல்கிறது. அங்கே காணிகள் என்னும் மலைஜாதியார் பல தலைமுறைகளாக வசித்து வருகின்றனர். தேன், மிளகு, மரவள்ளிக் கிழங்கு முதலியன அவர்களுடைய சரக்கு. வேஷ்டியும் அரிசியும் கொடுத்துவிட்டுப் புகைப்படம் பிடித்துக்கொண்டு இறங்கி வருவதே அவர்களுக்குச் செய்யும் சேவையென்று நம்மவரிற் சிலர் எண்ணுகின்றனர். நாம் அதைச் சேவையென்று ஒப்புக்கொள்வதற்கில்லை. காந்தியடிகளின் நிர்மாணத் திட்டத்தில் ஆதிவாசி சேவை இடம்பெற்றது தானத்துக்காக அன்று.

இம்மலையின் மறுபுறத்தில் நடந்த விஷயமொன்று கவனிக்கத்தக்கது. 1987-ல் ஆராய்ச்சியாளர் சிலர் காட்டில் அலைந்தபோது, வழிகாட்டிய காணிகள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப் பச்சை என்னும் அச்செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. 1995-ல் கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மஸி 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் நூற்றுக்கு 2 வீதமும் கொடுக்க இசைந்து தயாரிப்புரிமையைப் பெற்றது. அதிற் பாதி காணிகளுக்கென்று நிச்சயமாயிற்று. 1997-ல் அவர்களுடைய டிரஸ்டும் ஏற்பட்டது. உலகம் புகழ்ந்தது. ஆனால் செடியைக் காட்டில் பயிரிட முயன்றபோது, காட்டுச் செடிகளையே பிடுங்கிவிடுவார்களென்று வன இலாகா தடுத்தது. இலையின்றி மருந்து ஏது, மருந்தின்றிப் பங்கு ஏது? பணத்தைப் பங்கிட்டவர்கள் காட்டின்மேல் பாத்தியதையைப் பங்கிடவில்லை. மலையின் இப்புறத்துக் காணிகளோ அந்த டிரஸ்டிலே சேர்ந்தவர்களல்லர்.

அப்பாத்தியதையை 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் வழங்கியிருக்கிறது. சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமை மலைவாசிகளுடையதே. மனுவை முதலில் விசாரிப்பது கிராம சபை. சென்னை ஹைக்கோர்ட்டின் 2008-ம் வருஷத்து இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது தடைப்பட்டுக் கிடந்தது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு அத்தடையை நீக்கியது. இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

எனவே நாங்குநேரி, களக்காடு, அம்பாசமுத்திரம் ஊழியர்களுக்கு நாம் சொல்வது இதுவே: மனு எழுதத் தெரிந்தவர் மலைக்குச் சென்று, காணிகளின் சபை கூடும்போது உடனிருந்து, வரைபடமும் சாட்சியும் திரட்ட உதவட்டும். கடைகாரர்கள் தரகரை விலக்கி, அவர்களுடைய மிளகையும் தேனையும் எடை போட்டு ரொக்கத்துக்கு வாங்கட்டும்.