கண்ணீரும் சரக்கு, சிரிப்பும் சரக்கு!

அமெரிக்காவில் பெண்களை அழவைக்கும் தொடர் நாடகங்களுக்கு ‘சோப் ஆபரா’ என்று பெயர். ஆபரா என்பது சீமான்களும் சீமாட்டிகளும் பட்டு உடுத்திப் போய்ப் பார்க்கும் சங்கீத நாடகம். அதன் தலையில் சோப்பைக் கட்டிவிட்டவர்கள் பத்திரிகைக்காரர்கள். கேலியாகத்தான் கட்டினார்கள். ஆனால் சொன்னது முழு உண்மை.

இன்று அதே சோப்புக் கம்பெனிகள் அந்தப் பழைய நாடகப் பாணியைத் தாங்களே கேலி செய்து விளம்பரம் எடுக்கின்றன. விம்மும் இசை, கைவிடப்பட்ட காதல், கண்ணீர்! கடைசியில் பார்த்தால் தரை துடைக்கும் சாமான்! பார்த்தால் சிரிப்பு வருகிறது; நமக்கும் வந்தது. சிரிப்பு அடங்கிய பிறகு கணக்குப் பார்க்கலாம், வாருங்கள்.

1933ஆம் வருஷம். அமெரிக்காவில் நாலு தொழிலாளருக்கு ஒருவர் வேலையின்றித் தெருவில் நின்ற காலம். சின்சினாட்டி நகரத்துப் புரோக்டர் அண்டு கேம்பிள் என்ற சோப்பு முதலாளிகள் அப்போதும் விளம்பரச் செலவைக் குறைக்கவில்லை. ரேடியோவில் ‘மா பெர்க்கின்ஸ்’ என்றொரு தொடரை ஆரம்பித்தார்கள். மரவாடி நடத்தும் ஒரு விதவைத் தாயின் கதை. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் கால் மணி நேரம். கதைக்கு முன்னும் பின்னும் ‘ஆக்ஸிடால்’ சலவைத் தூளின் புகழ் பாடப்படும். புருஷன் வேலை தேடி அலைய, வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் பெண்தான் குறி. அவள் கைக்கு வேலை இருக்கிறது, காது சும்மா இருக்கிறது அல்லவா? அந்தக் காதை விலைக்கு வாங்கினார்கள். 1960 வரை 27 வருஷம் ஓடி, ஏழாயிரம் பகுதிகளைத் தாண்டியது அந்த நாடகம். அத்தனை வருஷமும் அந்தத் தாயாகப் பேசியவர் வர்ஜினியா பெய்ன் என்ற ஒரே நடிகை.

பிறகு டெலிவிஷன் வந்தது. ரேடியோவில் 1937இல் தொடங்கிய ‘கைடிங் லைட்’ 1952இல் அதற்கு மாறி, 2009 வரை ஓடியது. 1956இல் தொடங்கிய ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ 2010இல் நின்றது. அத்துடன் இந்தக் கம்பெனியின் நாடகக் கடை மூடப்பட்டது. பார்ப்பவர் தொகை சுருங்கிவிட்டது. அழுகையில் இனி ஆதாயம் இல்லை.

அழுகை விலை போகாவிட்டால் என்ன? சிரிப்பு இருக்கவே இருக்கிறது! இதே கம்பெனிக்கு ‘ஸ்விஃபர்’ என்றொரு சரக்கு உண்டு, 1999இல் வந்தது. ஒரு கோல், அதன் நுனியில் மாட்டும் மெல்லிய துண்டு, அவ்வளவுதான். அதற்கு ஒரு விளம்பரம் செய்தார்கள். வீட்டுக்காரி பழைய மாப்பைக் கைவிட்டு ஸ்விஃபரோடு வாழத் தொடங்குகிறாள். கைவிடப்பட்ட மாப், காதலில் தோற்றவனைப்போல அவளையே சுற்றி வந்து ஏங்குகிறது. பின்னணியில், பிரிந்துபோன காதலியைத் திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சும் 1977ஆம் வருஷத்துப் பாட்டு. சோப்பு நாடகத்தின் சோகம் அத்தனையும் ஒரு நிமிஷத்துக்குள்! ஊரே சிரித்தது.

தோழர்களே, அந்த மாப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது என்ன குற்றம் செய்தது? ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் அலசிப் பிழிந்து மாதக்கணக்கில் துடைக்கலாம். அதுதான் குற்றம்! புதிய காதலனின் துண்டோ அழுக்கானதும் குப்பைக்குப் போக வேண்டியது. தீரத் தீரக் கடைக்கு ஓட வேண்டும். கோலை விற்பதல்ல அவர்கள் வியாபாரம், துண்டை விற்பதே. முகச்சவரக் கத்தியைக் கொடுத்துவிட்டு பிளேடில் காசு பறிக்கும் பழைய வித்தைதான் இது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் டைட் பொட்டலமும் இதே கம்பெனியுடையது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இன்னொரு சங்கதி. மாப் மாறியது, கோல் மாறியது, துடைப்பவள் மட்டும் மாறவில்லை! விளம்பரத்தில் அவள் ஆனந்தமாகத் துடைக்கிறாள். நாற்று நட்டுவிட்டு வந்து அடுப்பு மூட்டும் பெண்ணையும், மில்லில் ஷிப்டு முடித்து வந்து துணி ஊறவைக்கும் பெண்ணையும் கேளுங்கள், அந்த ஆனந்தம் எப்படிப்பட்டது என்று. இந்த இரண்டாவது ஷிப்டுக்குக் கூலி கிடையாது. அந்தக் கூலியில்லாத உழைப்புதான் சோப்பு முதலாளியின் சந்தை. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது வேலை என்று ஆகிவிட்டால், ‘நல்ல இல்லத்தரசி’ என்று ஆசை காட்டியும் அச்சமூட்டியும் விற்க முடியுமா?

அப்படியானால் சோப்பு நாடகத்தைக் கேலி செய்யவே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். 1976இல் நார்மன் லியர் என்பவர் அமெரிக்க டெலிவிஷனில் செய்து காட்டினார். ‘மேரி ஹார்ட்மன், மேரி ஹார்ட்மன்’ என்று தொடரின் பெயர். பெரிய ஒளிபரப்புக் கம்பெனிகள் வேண்டாம் என்றுவிட்டன. ஊர் ஊராகத் தனி நிலையங்களுக்கு விற்றார். மேரி, மோட்டார் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி. தெருவில் ஒரு குடும்பத்தையே, ஆடு கோழி உட்பட, கொன்று போட்டுவிடுகிறார்கள். அவளுக்கோ சமையலறைத் தரையில் மெழுகு மஞ்சளாகப் படிகிறதே என்ற கவலை! விளம்பரம் ஊட்டிய கவலை அது. தொடர் போகப்போக அவள் மனம் உடைந்து போகிறது. அங்கும் சிரிப்பு உண்டு. ஆனால் சிரிப்பு அவளுக்கு அந்தக் கவலையை விற்றவன் மேல் விழுந்தது. ஸ்விஃபர் விளம்பரத்திலோ விற்றவனே நம்மோடு சேர்ந்து சிரிக்கிறான்.

பழையதைத் தோண்டி எடுத்து விற்கும் இந்த வித்தை 2013இல் ஒருமுறை அவர்களையே சுட்டது. யுத்த காலத்தில், 1943இல், வெஸ்டிங்ஹவுஸ் ஆலைக்காக வரைந்த சுவரொட்டி ஒன்று உலகப் பிரசித்தம்: தலையில் சிவப்புத் துணி கட்டி, முஷ்டியை மடக்கிப் புஜம் காட்டும் தொழிலாளிப் பெண். (உற்பத்தியைப் பெருக்க நிர்வாகமே ஒட்டிய படம்தான் அது; இருந்தாலும் பின்னாளில் பெண்கள் அதைத் தங்கள் உரிமைச் சின்னமாக்கிக்கொண்டார்கள்.) அதே தலைத்துணி, அதே தோரணை, பக்கத்தில் ஸ்விஃபர் துடைப்பான்! யுத்தம் முடிந்ததும் ஆலையிலிருந்து அடுக்களைக்கு விரட்டப்பட்ட பெண்ணை எழுபது வருஷம் கழித்து மறுபடி விரட்டுகிறார்கள். பெண்கள் கொதித்தெழுந்து கண்டித்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டு அந்தப் படத்தை வாபஸ் வாங்கியது.