கல்லைக் கழிக்கும் முன்

லால்குடியில் ஒரு பழைய ஓட்டு வீடு. கூடத்தில் மூன்று சகோதரிகள், நடுவே எவர்சில்வர் தட்டு, தட்டில் ஒரு மோதிரம். பக்கத்தில் நான்காக மடித்த காகிதப் பொட்டலம். மோதிரத்தில் வரிசையாக மூன்று ஓப்பல் கற்கள் இருந்திருக்க வேண்டும்; இருந்தது இரண்டு. மூன்றாவது பொட்டலத்துக்குள், வெந்த முட்டை வெள்ளை மாதிரி வெளுத்து, குறுக்கே பிளந்து கிடந்தது.

“மூணு பேரு, மூணு கல்லு. ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டு, தங்கத்தை உருக்கிப் பிரிச்சுக்கலாம்னு இருந்தோம் சார். முதல் கல்லைக் கழட்டும்போதே இப்படி ஆயிடுச்சு” என்றார் மூத்தவர்.

அவர்களின் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் எழுத்தராக இருந்தவர். நாட்டை விட்டுப் போன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் வாங்கியதாம். ஒரு கடையில் ஆசிட் வைத்துப் பார்த்து “இது தங்கமே இல்லம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு கடையில் கேரட் மீட்டர் 62 சதவீதம் காட்டியிருக்கிறது. “மட்டத் தங்கம், கல்லைக் கழிச்சுட்டு எடைக்கு எடுத்துக்கிறோம்” என்றார்களாம். கல்லைக் கழட்டித் தந்த பத்தரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது வருஷமாகக் கெம்பையும் வைரத்தையும் அரக்கு இளக்கிக் கழட்டிய கை அது. கெம்பு தாங்கும், வைரம் தாங்கும். ஊதுகுழல் அனல் பட்டால் ஓப்பல் செத்துவிடும் என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் மதிப்பீட்டாளர்களாகிய நாம்.

ஓப்பல் ஒரு சிலிக்கா. ஆனால் உடம்பில் தண்ணீர் வைத்திருக்கும் சிலிக்கா. நகைக்கு வரும் கற்களில் எடையில் பொதுவாக 3 முதல் 10 சதவீதம் வரை நீர்தான். திடீரென்று சூடேற்றினால் நீர் வெளியேறும், கல் விரியும், வண்ணம் போகும். கடினத்தில் மோஸ் அளவில் 5.5 முதல் 6.5. தெருப்புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7. விபூதி போட்டுத் தேய்த்துத் துலக்கும் நம் வீட்டுப் பழக்கம் வைரத்தோட்டை ஒன்றும் செய்யாது. ஓப்பலின் மேல்பரப்பை மெல்ல மெல்ல மங்கடித்துவிடும். பூந்திக்கொட்டை ஊற வைத்த வெந்நீரும் அப்படித்தான். இதில் நானும் யோக்கியன் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஓப்பல் பதக்கத்தை ராத்திரி முழுக்கப் பூந்திக்கொட்டை நீரில் போட்டு வைத்தேன். காலையில் கல் இரண்டு தகடாகப் பிரிந்து கிண்ணத்தில் கிடந்தது. அது டப்ளெட், கருப்பு அடிக்கல்லின் மேல் ஒட்டிய மெல்லிய ஓப்பல் சீவல். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்திருந்தால் ஒட்டுக்கோடு நேராகத் தெரிந்திருக்கும், கோட்டில் நசுங்கிய காற்றுக்குமிழும் தெரிந்திருக்கும். நான் பார்த்தது மேலே மட்டும்.

மோதிரத்துக்கு வருகிறேன். உள்வளையத்தில் ஒரு நங்கூரம், 15, பக்கத்தில் .625 என்று பொறிப்பு. நங்கூரம் பர்மிங்ஹாம் ஆய்வுக்கூடத்தின் முத்திரை. 15 கேரட் தரம் பிரிட்டனில் 1854-இல் வந்து 1932-இல் கைவிடப்பட்டது. ஆக, கடைக்காரர் ‘மட்டம்’ என்று சொன்ன அந்த 62-தான் மோதிரத்தின் பிறப்புச் சான்று. நம் பிஐஎஸ் ஹால்மார்க் பட்டியலில் 14 உண்டு, 18 உண்டு, 15 கிடையாது. அதனால் கடைக்காரர் கண்ணுக்கு இது உருக்குத் தங்கமாக மட்டுமே தெரிந்திருக்கிறது. வருஷத்தைச் சரியாகச் சொல்லும் எழுத்து முத்திரை மட்டும் இல்லை. யாரோ விரலுக்கு அளவு கூட்ட அந்த இடத்தில் வெட்டிப் பற்றவைத்திருக்கிறார்கள்.

அந்த எழுத்து போனதில் சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். அதை வியாபாரமாக வாங்கி விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. 1854-க்கும் 1932-க்கும் நடுவில் எங்கோ நிற்கும் ஒரு மோதிரத்தை, “லண்டன் ஏலத்தில் நல்ல விலை போகும்” என்று ஆசை காட்டும் தரகர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஓப்பலைப் பற்றி எழுதும்போது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்த ஒருவரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமனுக்கு ரத்தினக் கற்கள் மேல் தீராத பித்து. வைரம், முத்து, கிளிஞ்சல் என்று ஒளி விளையாடும் எதையும் விட்டுவைக்கவில்லை. 1953-இல் ஏ. ஜெயராமனுடன் சேர்ந்து, தாம் நிறுவிய அறிவியல் அகாடமியின் இதழில், ஓப்பலின் அமைப்பையும் அதன் வண்ணஜாலத்தையும் பற்றி எழுதினார். (இந்த ஜெயராமன் இயற்பியலாளர், லால்குடி என்றதும் நினைவுக்கு வரும் வயலின் ஜெயராமன் அல்லர்.) எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்த்து, கல்லுக்குள் சிலிக்கா அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது, அந்த அடுக்குகளே வண்ணத்துக்குக் காரணம் என்றார்கள். 1964-இல் ஆஸ்திரேலியாவில் ஜே. வி. சாண்டர்ஸ் குழுவினர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது வேறு: ஒரே அளவிலான நுண்ணிய சிலிக்கா உருண்டைகள், சந்தையில் ஆரஞ்சுப் பழம் அடுக்கின மாதிரி. அளவு சுமார் 150 முதல் 300 நானோமீட்டர். உருண்டை பெரிதானால் சிவப்பு வரை காட்டும், சிறிதானால் நீலத்தோடு நின்றுவிடும். சிவப்பு காட்டும் கல்லுக்கு விலை ஏறுவதன் அடிப்படை இதுதான்.

நமக்கு அந்த 1964 இன்னொரு வகையிலும் முக்கியம். அமைப்பு தெரிந்து பத்தே வருஷத்தில், 1974-இல், பியர் கில்சன் அதை ஆய்வுக்கூடத்தில் செய்து சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தச் செயற்கைக் கல்லில் வண்ணத் திட்டுகளின் ஓரம் பல்லித்தோல் மாதிரி செதில் செதிலாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் தூண் தூணாக நிற்கும். 1932-க்கு முந்தைய மோதிரத்தில் பல்லித்தோல் தெரிந்தால் மோதிரம் பழசு, கல் மாற்றியது. எத்தியோப்பியாவின் வோலோ பகுதிக் கல்லும் அப்படி. அது சந்தைக்கு வந்ததே 2008-க்குப் பிறகு. பெரும்பாலும் நீர் குடிக்கும் ஜாதி, ஈரம் பட்டால் பளிங்காகிக் காய்ந்தால் திரும்பும். ஒளிவிலகல் பார்க்க எண்ணெய் தொடுவதும், அடர்த்திக்காகத் தண்ணீரில் அமிழ்த்துவதும் இத்தகைய கல்லைக் கறைப்படுத்தும். பழைய ஓப்பல் நகையில் கண்ணும் கண்ணாடியும் நல்ல விளக்கும்தான் முதல் கருவி. லால்குடி மோதிரத்தில் மிஞ்சிய இரண்டும் முழுக்கல், இயற்கைக் கல். இரண்டிலும் பச்சைக்கு நடுவில் சிவப்புப் பொறி.

விற்கப் போனால் திருச்சி பெரிய கடைவீதியில் ஓப்பலுக்கு ஒரே வகை வாடிக்கையாளர்தான்: சுக்கிரனுக்கு வைரம் வாங்கக் கட்டுப்படியாகாமல், ஜோசியர் சொல்லி வருபவர். அவருக்குக் கல் வெள்ளையாக, கீறல் இல்லாமல், விரலில் படும்படி அடி திறந்திருக்க வேண்டும். பழைய ஆங்கில மோதிரங்களில் பல அடி மூடியவை. ‘தோலில் படணும்’ என்று அடித்தகட்டைத் துளைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. துளைத்த மறுநிமிஷம் அது பழம்பொருள் இல்லை, வெறும் ராசி மோதிரம். வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்து, ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பும் வழக்கமும் உண்டு. கொடுப்பதானால் கல்லின் ஒவ்வொரு வண்ணத்திட்டும் தெரிகிற மாதிரி நாலு கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். ஓப்பலில் இரண்டு கல் ஒரே மாதிரி இருக்காது. அந்தப் படம் கைரேகைக்குச் சமம்.

மதிப்புச் சீட்டு எழுதுவதில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம். மூடிய கட்டில் கல்லின் ஆழம் தெரியாது, ஆனாலும் ‘2.10 கேரட்’ என்று தராசில் போட்டது போல எழுதிவிடுகிறோம். நீள அகலத்தை வைத்துப் போட்ட உத்தேச எடை என்று எழுதினால் கௌரவம் ஒன்றும் குறையாது. எதற்கான மதிப்பு என்பதையும் எழுத வேண்டும். காப்பீட்டுக்குப் போடும் தொகை வேறு, இன்று கடையில் கையில் கிடைக்கும் தொகை வேறு. பாகப்பிரிவினைக்குக் காப்பீட்டு மதிப்பைப் போட்டால் நகையை எடுத்துக்கொள்பவர் ஏமாறுவார். உருக்கு மதிப்பைப் போட்டால் விட்டுக்கொடுப்பவர் ஏமாறுவார்.

அந்தக் கூடத்தில் நான் மூன்று தொகை எழுதினேன். மூன்று கல்லோடு இருந்திருந்தால் என்ன, இப்போது இரண்டு கல்லோடு என்ன, எல்லாவற்றையும் பிரித்தெடுத்தால் என்ன. மூன்றாவது தொகையைப் பார்த்துவிட்டு நடு சகோதரி, “இதுக்குத்தானா இவ்வளவு நாள் சண்டை போட்டோம்” என்றார். திருவுளச் சீட்டு போட்டார்கள். மோதிரம் கடைசிப் பெண்ணுக்கு விழுந்தது. மற்ற இருவருக்கும் இரண்டாவது தொகையிலிருந்து பங்கைப் பணமாகத் தருவதாக ஒப்புக்கொண்டார். காலி இடத்தில் வேறு ஓப்பல் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். வைக்கலாம், ஆனால் சீட்டில் ‘ஒரு கல் பின்னால் மாற்றியது’ என்று எழுதுவேன் என்றேன். பத்தர் எழுந்து வந்து, கல்லைச் சூடு காட்டாமல் நகத்தை நிமிர்த்தி வைப்பது எப்படி என்று கேட்டார். வாசல் வெளிச்சத்துக்குப் போய் உட்கார்ந்தோம்.