சிவலிங்கம் மாஸ்டரும் பெயர் எழுதப்படாத டீச்சர்மாரும்



ஓர் ஆசிரியர் கண்ணை மூடினால், அவரிடம் படித்தவர்கள் வந்து கூடுவார்கள். கருமாதி நாளில் இரண்டு பேர் எழுந்து பேசுவார்கள். பெரும்பாலும் அத்தோடு சரி. ஹட்டனில் படிப்பித்த ஒருவருடைய விடயத்தில் அப்படி நடக்கவில்லை.

அவர் இர. சிவலிங்கம். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பிறகு அங்கேயே அதிபரானவர். 1999இல் காலமானார். அவருடைய மாணவர்களும் நண்பர்களும் ஞாபகார்த்தக் குழு ஒன்றை அமைத்து, அவர் பெயரில் நினைவுப் பேருரைகளை நடத்தினார்கள். அவரிடம் படித்த பலர் தாங்களே ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வந்தவர்கள்.

அப்படி என்ன செய்துவிட்டார் அவர்? காலத்தைப் பார்த்தால்தான் அது விளங்கும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களைத் தேயிலைக் கொழுந்து நிறுப்பது போல நிறுத்துப் பிரித்தார்கள். நாளைக்கு எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாத பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே போனால் 'தோட்டக்காட்டான்' என்ற ஏளனம்.

அந்தப் பிள்ளைகளைத்தான் சிவலிங்கமும், அதே கல்லூரியில் படிப்பித்த எழுத்தாளர் திருச்செந்தூரனும் எழுதவும் மேடையேறிப் பேசவும் தூண்டினார்கள். 1960களில் மலையகத்தில் சிறுகதை எழுத வந்த இளைஞர் கூட்டத்துக்குப் பின்னால் இந்த இருவரும் நின்றார்கள். 'மலையகம்' என்ற சொல்லைத் தலை நிமிர்ந்து சொல்லப் பழகிய தலைமுறை அது. சோதனையில் சித்தியடைய வைப்பது எல்லா ஆசிரியர்களும் செய்கிற வேலை. தன் ஊரின் பெயரை வெட்கப்படாமல் சொல்ல வைப்பது வேறு வேலை. பின்னாளில் சிவலிங்கமும் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனார். நீலகிரியில், தாயகம் திரும்பியவர்கள் என்று பெயர் சூட்டப்பட்ட நம்மவர்கள் மத்தியில் வேலை செய்தார்.

சரி, இதை ஏன் பெண்களின் பக்கத்தில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஹட்டன் வரை வந்து உயர்வகுப்பில் படிக்கக் கிடைத்த தோட்டத்துப் பெண்பிள்ளைகள் அந்நாளில் மிகக் குறைவு. எங்களில் அநேகருக்குக் கல்லூரி என்பது லயத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை மண்டபம்தான். ஒரே அறையில் ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார் அல்லது ஒரு டீச்சர். 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகும் நிலைமை சட்டென்று மாறிவிடவில்லை. சுவீடன் உதவியோடு தோட்டப் பாடசாலைகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டது 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான்.

வீட்டில் தம்பி பிறந்தால் அக்காவின் படிப்பு நிற்கும். அப்போது லயத்து வாசலுக்கு வந்து, "பிள்ளையை அனுப்புங்கம்மா" என்று கேட்ட டீச்சர் உங்களில் சிலருக்கு நினைவிருப்பார். கடிதம் வாசித்துச் சொல்வதும், துரைக்கு மனு எழுதிக் கொடுப்பதும் அவரே. அவருக்கு நினைவுப் பேருரை இல்லை, படம் இல்லை. அவரிடம் படித்தவர்கள் எங்கே? சிலர் இந்தியாவில். சிலர் 1977 கலவரத்துக்குப் பின்னும் 1983க்குப் பின்னும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். போனவர்களை அங்கே யுத்தம் பிடித்துக்கொண்டது. 2009 வரை ஓடியவர்களின் கையில் பழைய பாடசாலைப் படம் எப்படி இருக்கும்?

படம் போகட்டும், பத்திரங்களும் போயின. பிறப்புப் பதிவே இல்லாமல், காலங்கடந்து பதிவு செய்யப் போகும் சகோதரிக்குப் பாடசாலைச் சேர்வு இடாப்பில் உள்ள ஒரு வரி பெரிய உதவி. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி. அன்றைக்குத் திகதியைக் கேட்டு விசாரித்து மையால் எழுதி வைத்தது அந்த டீச்சரின் கைதான். பாடசாலை இன்னும் இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள். வேறொரு பாடசாலையோடு சேர்க்கப்பட்டிருந்தால், இடாப்பு எங்கே போனது என்று வலயக் கல்விக் காரியாலயத்தில் விசாரியுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் டீச்சரின் பெயர், தோட்டம், டிவிசன், எந்த ஆண்டில் எந்த வகுப்பு, அவர் செய்த ஒரு காரியம் - இவ்வளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் மகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் பரவாயில்லை. தம்பி பிறந்த வருடம், கப்பலேறிய வருடம் என்று எழுதினாலும் போதும். ஒரே டீச்சரிடம் படித்த இருவர் எழுதினால், இருவருக்கும் சொல்லி அனுப்புவோம்.