குருவா, கோபுரமா?

பாஷா சாஸ்திரம் படிக்கப் போவதாக ஒரு பையனோ பெண்ணோ சொன்னால், வீட்டுக்கு வந்தவர்கள் உடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உனக்கு எத்தனை பாஷை தெரியும்?" வைத்தியம் படிப்பவனைப் பார்த்து, "உனக்கு எத்தனை வியாதி உண்டு?" என்று கேட்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. மொழியியல் என்று இப்போது வழங்கும் இந்தச் சாஸ்திரம் பல பாஷைகளைப் பேசக் கற்றுக் கொடுப்பதன்று. ஒலி எப்படிச் சொல்லாகிறது, சொல் எப்படி வாக்கியமாகிறது, குழந்தை அதை எப்படிப் பிடித்துக் கொள்கிறது, தலைமுறைகள் கழியும்போது அது எவ்வாறு மாறிப் போகிறது என்பவற்றை ஆராய்வது.

இதில் டாக்டர் பட்டம் பெற அமெரிக்காவுக்கு மனுப் போடும் இளைஞர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். கார்த்திகை பிறந்தால் அந்த வீடுகளில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் ஒன்றே: எந்தச் சர்வகலாசாலைக்குப் பெயர் அதிகம்? முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்திய பட்டியலை வைத்துக்கொண்டு தகப்பனார் மேலிருந்து கீழாக விரலை ஓட்டுகிறார். சம்பந்தம் பேசப் போன இடத்தில் மனிதர்களை விசாரிக்காமல் மாடிகளை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்புகிறவர்களை நாம் மெச்சுவதில்லை. ஐந்தாறு வருஷம் வாழப் போகும் இடத்தை மட்டும் கோபுரத்தின் உயரத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா?

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். பசிப்பவன் நான்தான்; ஆனால் 'நான்' வராமல் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமை வருகிறது. 'ராமனுக்குத் தன் ஊர் பிடிக்கும்' என்றால், 'தன்' என்பது ராமனையே குறிக்கிறது. அப்படியானால் வேற்றுமை உருபைப் போர்த்திக்கொண்டு உள்ளே இருப்பது எழுவாய்தானா? அடுப்பங்கரையில் தினம் ஒலிக்கும் வாக்கியம். ஆயினும் அறிஞர்கள் பல காலமாக விவாதிக்கும் கேள்வி.

இந்த ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு வெவ்வேறு வாசலில் நின்றால் வெவ்வேறு வரவேற்பு கிடைக்கும். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-ம் வருஷம் டாக்டர் பட்ட வகுப்பு தொடங்கியது. மாரிஸ் ஹாலியும் நோம் சாம்ஸ்கியும் வளர்த்த அந்த மரபில், வாக்கியத்தின் அமைப்பைப் பற்றியே முதலில் கேட்பார்கள். கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லியின் மரபு வேறு. அங்கே மொழியியல் துறையை நிறுவியவர் மர்ரே எமனோ. அவர் 1935-ல் நம் நீலகிரிக்கு வந்து தோதவர்களின் பாஷையைக் காதால் கேட்டு எழுதியவர். பின்னர் தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து 1961-ல் திராவிட பாஷைகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டவர். அந்த வழியில் வந்தவர், "இந்த வழக்கம் அண்டை பாஷைகளிலும் உண்டா?" என்று கேட்பார்.

மூன்றாவது வாசல் ஒன்றும் இருக்கிறது. வில்லியம் லபாவ் பல வருஷம் ரசாயனத் தொழிலில் இருந்துவிட்டு, கொலம்பியா சர்வகலாசாலையில் யூரியல் வைன்ரைக்கிடம் மாணவராகச் சேர்ந்தார். 1962-ல் அவர் நியூயார்க் நகரத்தில் பணக்காரர் கடை, நடுத்தரக் கடை, மலிவுக் கடை என்று மூன்று பெரிய கடைகளில் நுழைந்து, நான்காவது மாடியில் இருக்கும் சாமானைக் குறிப்பிட்டு, "அது எங்கே?" என்று சிப்பந்திகளைக் கேட்டார். "நான்காவது மாடி" என்று ஆங்கிலத்தில் அவர்கள் சொன்ன பதிலில் ரகரம் ஒலித்ததா, மறைந்ததா என்று குறித்துக்கொண்டார். கடையின் அந்தஸ்து ஏற ஏற ரகரமும் அதிகமாக ஒலித்தது! 1971 முதல் பென்ஸில்வேனியாவில் அவர் வளர்த்த மரபில், "யார், யாரிடம் பேசும்போது அப்படிச் சொல்லுகிறார்கள்?" என்ற கேள்வி எழும்.

மூன்றும் உயர்ந்த இடங்களே. ஆனால் லபாவைப் போலக் கடை கடையாக ஏறி இறங்க ஆசைப்படும் பிள்ளையை, வாக்கிய அமைப்பு ஒன்றையே பெரிதாகக் கருதும் துறையில் பெயருக்காகச் சேர்த்துவிட்டால், அவன் ஐந்து வருஷமும் பிறர் கேள்விக்கே பதில் எழுதிக்கொண்டிருப்பான்.

மனுவில் சேர்க்க வேண்டிய கட்டுரைகளுக்கும் இதுவே வழிகாட்டி. "சிறு வயது முதலே பாஷைகளிடம் எனக்கு ஆசை" என்று தொடங்கும் கட்டுரைகளைத் தேர்வுக் குழுவினர் மூட்டை மூட்டையாகப் படித்திருப்பார்கள். தன்னை உறங்கவிடாத ஒரு கேள்வியையும், அதைப் பற்றி இதுவரை செய்த வேலையையும், அங்கே யாரிடம் ஏன் படிக்க வேண்டும் என்பதையும் எழுதுவதே சிலாக்கியம். மாதிரி ஆராய்ச்சிக் கட்டுரை நீளமாக இருப்பதைவிட ஒன்றை நன்றாக நிரூபிப்பதாக இருக்கட்டும். மூன்று சிபாரிசுக் கடிதங்களையும், பெரிய பதவியில் இருப்பவர்களைவிட, பையனின் வேலையை நேரில் பார்த்த ஆசிரியர்களிடம் வாங்குவதே நல்லது. இங்கிலாந்தில் ஆராய்ச்சித் திட்டத்தை மனுவுடனேயே கேட்பார்கள். படிப்பும் மூன்று நான்கு வருஷத்தில் முடியும். அமெரிக்காவில் முதல் இரண்டு வருஷம் பாடங்கள் உண்டு. கேள்வியை மாற்றிக்கொள்ளவும் இடம் உண்டு.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படலாகாது. அமெரிக்காவில் நல்ல துறைகள், சேர்த்துக்கொள்ளும் மாணவர்களுக்குச் சம்பளத்தைத் தள்ளிவிட்டு, உபகாரச் சம்பளமும் கொடுக்கின்றன. பதிலுக்குக் கீழ் வகுப்புகளுக்குப் பாடம் சொல்ல வேண்டியிருக்கும். இடம் மட்டும் தருகிறோம், பணம் இல்லை என்று கடிதம் வந்தால், நிலத்தை விற்று அனுப்புவதைவிட அடுத்த வருஷம் மறுபடி மனுப் போடுவதே மேல். டிசம்பர், ஜனவரியில் மனுக்கள் முடிகின்றன; பிப்ரவரி, மார்ச்சில் பதில்கள் வருகின்றன. உபகாரச் சம்பளத்தோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் முடிவு சொல்ல வேண்டியதில்லை என்று பல அமெரிக்கச் சர்வகலாசாலைகள் தங்களுக்குள் உடன்பட்டிருக்கின்றன. அந்த அவகாசத்தை விசாரிப்பதற்குச் செலவிட வேண்டும்.

யாரை விசாரிப்பது? அங்கே இப்போது படிக்கும் மாணவர்களை. ஆசிரியர் எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை எத்தனை நாளில் படித்துத் திருப்பித் தருகிறார்? கோடை விடுமுறையில் பணம் உண்டா? வைத்தியச் செலவுக்குக் காப்பு உண்டா? பட்டம் பெற எத்தனை வருஷம் ஆகிறது? முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு பதில்தான்.

ஒரே தூணை நம்பிப் பந்தல் போடவும் கூடாது. சாம்ஸ்கி 2017-ல் அரிஸோனாவுக்குப் போனார். லபாவ் 2024-ல் காலமானார். தன் கேள்வியில் அக்கறை கொண்ட ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேராவது உள்ள இடமே பத்திரமான இடம்.

"பிறகு என்ன வேலை?" என்று தாயார் கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பேராசிரியர் பதவிகள் குறைவு. பட்டம் பெறுகிறவர்கள் அதிகம். 2025-ல் அமெரிக்க அரசு ஆராய்ச்சி மானியங்களில் கை வைத்தபோது, சில சர்வகலாசாலைகள் டாக்டர் பட்ட வகுப்புகளில் இடங்களையே சுருக்கின. வாலிபத்தின் நடுப் பகுதியைப் பணயம் வைக்கும் காரியம் இது. பதவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்த வருஷங்கள் வீண் என்று பிற்காலத்தில் தோன்றாமல் இருக்க வேண்டும். அதற்கு உத்தரவாதம் பட்டியலில் இல்லை. சொந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஆந்திர தேசத்து பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தம் தாய்மொழியின் வினைச் சொற்களைப் பற்றிய கேள்வியோடு பென்ஸில்வேனியாவுக்குப் போனார். 1957-ல் டாக்டர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து, 1962-ல் ஹைதராபாத் உஸ்மானியாவில் மொழியியல் துறையை நிறுவினார். அவர் ஊரிலிருந்து கொண்டுபோன மூட்டையில் கேள்வி இருந்தது. நம் பிள்ளைகளின் பெட்டியிலும் முதலில் அதை வைத்து அனுப்புவோம். ஊறுகாய் ஜாடிக்குப் பிறகு இடம் பார்த்துக் கொள்ளலாம்.