சின்னம்மா கட்டும் சந்தா

பள்ளி திறந்த வாரத்தில் காலை நிகழ்ச்சியில் ஒரு தலைப்பைப் போட்டேன். "அரசு ஊழியர்களுக்கு இந்த மாதம் 7 விழுக்காடு சம்பள உயர்வு. உங்கள் கருத்து என்ன?" இதுபோன்ற தலைப்புக்கு அறிவிப்பாளர் உழைக்கவே வேண்டாம். தொலைபேசி தானாக அலறும்.

முதல் அழைப்பு பூச்சோங்கிலிருந்து. கிடங்கு ஒன்றில் வேலை செய்பவர். "எங்களுக்கு 1,700 வெள்ளி குடுக்கவே முதலாளி மூஞ்சியைத் தூக்குறாரு. கவர்மெண்டுல மட்டும் ஏறிக்கிட்டே போகுது. அதுலயும் இந்த டீச்சருங்க! மத்தியானம் ஒரு மணிக்கு வீடு. வருஷத்துல பாதி லீவு." அடுத்து வந்த நான்கு பேரும் இதையே வேறு வேறு ஊர்களிலிருந்து சொன்னார்கள். நானும் "யோசிக்க வேண்டிய கருத்துதான்" என்று சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போனேன்.

பாட்டு முடிவதற்குள் புலனத்தில் ஒரு குரல் பதிவு. சின்னம்மா. தமிழ்ப்பள்ளி ஆசிரியை, 35 ஆண்டு சர்வீஸ். இந்த ஆண்டு அக்டோபரில் 60 வயது நிறைந்து பணி ஓய்வு.

"கண்ணு, கேண்டீன்ல உன் ரேடியோதான் ஓடுது. டீச்சருக்கு ஒரு மணிக்கு வீடுன்னு ஒருத்தர் சொன்னாரே, அந்த வீட்டு விலாசத்தைக் கொஞ்சம் வாங்கி அனுப்பு. நானும் 35 வருஷமா தேடுறேன்."

இதைக் காற்றில் ஒலிபரப்பவா என்று கேட்டேன். "ஐயோ வேணாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. தோசை சுட்டுப் போடுறேன். மத்ததையும் சொல்றேன்" என்றார்.

கிள்ளானில் சின்னம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எப்போதும் இரண்டு பேருக்குத்தான் இடமிருக்கும். மீதி இடமெல்லாம் பயிற்சிப் புத்தகங்கள். சட்னிக் கிண்ணத்தை வைக்க இரண்டாம் ஆண்டு கணிதத்தை நகர்த்த வேண்டியிருந்தது.

நாட்டு நடப்பைச் சின்னம்மா பள்ளிக்கூடத்தின் வழியாகவே பார்ப்பார். "2021ல யூபிஎஸ்ஆரை எடுத்தாங்க. அடுத்த வருஷம் பிடி3யும் போச்சு. பிள்ளைங்களுக்குப் பரீட்சை பயம் விட்டுச்சு. அந்தப் பயத்தை யாராவது வச்சிருக்கணுமே, எங்ககிட்ட குடுத்துட்டாங்க. இப்ப ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் அடைவுநிலை எழுதுறோம்." அவர் குறை சொல்வது அந்த மாற்றத்தை அல்ல. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தேர்வு முடிவைப் பார்த்து அழுவதை அவர் பலமுறை பார்த்தவர். அந்த மாற்றத்தைத் தாங்கும் தோள் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய குறை.

"அப்புறம் பள்ளிக்கூடம் திறக்குற மாசம். கோவிட்டுக்கு அப்புறம் மார்ச்சுல திறந்தோம். போன வருஷம் பிப்ரவரி. இந்த வருஷம் மறுபடியும் ஜனவரி. நல்லவேளை, நான் அக்டோபர்ல போறேன். இல்லாட்டிப் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வேலைக்குப் போகணும்."

ஆசிரியர்களின் பணிச்சுமையைக் குறைக்கக் கல்வி அமைச்சு 7 நடவடிக்கைகளை அறிவித்திருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். "நல்ல விஷயம்தான். சுமை குறைஞ்சுதான்னு கேட்டு ஒரு பாரம் வரும்னு எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன். அதை மூணு பிரதியா நிரப்பித் தரணும்" என்றார்.

பேச்சு சம்பள உயர்வுக்கு வந்தது. எஸ்எஸ்பிஏ என்ற புதிய சம்பள முறையின்படி 2024 டிசம்பர் 1ஆம் தேதி 8 விழுக்காடு, இந்த ஜனவரி 1ஆம் தேதி 7 விழுக்காடு என இரண்டு கட்டமாக உயர்வு வந்திருக்கிறது. உயர்மட்ட அதிகாரிகளுக்கு மட்டும் 4 விழுக்காடும் 3 விழுக்காடும். "கீழே இருக்கிறவங்களுக்குக் கூட, மேலே இருக்கிறவங்களுக்குக் குறைய. இது சும்மா வந்த புத்தி இல்ல கண்ணு. 2012ஐ மறந்துட்டியா?" என்றார்.

2012இல் நான் பல்கலைக்கழகத்தில் வகுப்புக்குத் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தேன். சின்னம்மாதான் விளக்கினார். அப்போது எஸ்பிபிஏ என்று ஒரு சம்பளத் திட்டம் வந்தது. உச்சியில் இருந்தவர்களுக்கு உயர்வு ஆயிரக்கணக்கில். அடிமட்டத்தில் இருந்தவர்களுக்குக் கையில் எண்ணிவிடும் அளவில். கியூபெக்ஸும் மற்றச் சங்கங்களும் விடாமல் எதிர்த்தன. மார்ச் மாதமே அந்தத் திட்டம் ரத்தானது. பழைய முறையிலேயே 7 முதல் 13 விழுக்காடு வரை உயர்வு கொடுத்தார்கள்.

"அப்படின்னா உங்க சங்கத்தை நீங்க பாராட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். வானொலிப் பழக்கம்.

"பாராட்டா? எங்க கிளைக் கூட்டத்துக்கு ஒருநாள் வந்து பாரு. தீர்மானம் வாசிக்கிறதுக்கு முன்னால மாலை, பொன்னாடை, படம். வாசிச்சப்புறம் இன்னொரு படம். மீகூன் ஆறிப்போகும். தலைவர் 'உங்கள் குரல் மேலிடம் வரை ஒலிக்கும்'பாரு. மைக்கே வேலை செய்யாது." சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை வைத்தார். "ஆனா மாசா மாசம் சந்தா பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒரு மாசம்கூட நிறுத்தச் சொன்னதில்ல."

ஏன் என்று கேட்டதற்கு இரண்டு காரணங்கள் சொன்னார்.

முதலாவது, தோட்டப் பள்ளியில் அவருக்கு முதல் வகுப்பு எடுத்த ஆசிரியை சொன்ன கதை. அந்தக் காலத்தில் ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே சாக்குக்கட்டி. ஆனால் ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண் ஆசிரியைக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. 1967இல் ஆசிரியர்களின் தேசியச் சங்கம் நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதைத் தொடர்ந்து சம்பள ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அறுபதுகள் முடிவதற்குள் பொதுச்சேவையில் சம வேலைக்குச் சம சம்பளம் என்ற கொள்கையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அந்தச் சங்கத்தின் வாரிசுதான் 1974 முதல் இருக்கும் இன்றைய என்யுடிபி. "நான் வேலைக்குச் சேரும்போது என் சம்பளச் சீட்டுல பொம்பளைன்னு ஒரு கழிவு இல்ல. அதுக்காக யாரோ ஒருத்தி வெயில்ல நின்னிருக்கா. அவ பேருகூட எனக்குத் தெரியாது."

இரண்டாவது காரணத்தைச் சொல்வதற்கு முன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இதை எங்கள் குடும்பத்தில் பலருக்கும் சொன்னதில்லையாம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெற்றோர் அவர்மீது புகார் கொடுத்தார். பிள்ளையை அடித்துவிட்டதாக. அடிக்கவில்லை. ஆனால் காரணம் கோரும் கடிதம் வந்துவிட்டது. பதிலை எழுத்தில் கொடுக்க வேண்டும், விசாரணைக்கும் போக வேண்டும். சித்தப்பாவுக்கு அப்போதுதான் இருதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வீட்டில் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் அறையில் கூட இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவரைப் பார்த்ததும் புத்தகத்தில் தலையை நுழைத்துக்கொண்டார்கள். "அவங்களைக் குத்தம் சொல்லல. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்."

மாநிலக் கிளையைக் கூப்பிட்டார். யாரும் எடுக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டார். எடுத்தவர் ஒரு மலாய்க்கார ஆசிரியர். சங்கத் தேர்தலில் சின்னம்மா ஓட்டுப் போடாத ஆள். விசாரணை நாளன்று பழைய புரோட்டோன் சாகாவில் வந்து இறங்கினார். அதற்கு முன் கடிதத்துக்குப் பதில் எழுதவும் உதவியிருந்தார். ஒவ்வொரு தேதியையும் இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னார். உள்ளே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மொத்தம் நாலு வாக்கியம் பேசினாராம். புகார் தள்ளுபடியானது. வெளியே வந்ததும் "சிக்கு, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

"அந்த நாற்காலியில ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரு பாரு. அதுக்குத்தான் சந்தா."

ஆசிரியர் சங்கத்துக்கு நாம் நினைக்கும் அளவுக்கு அதிகாரம் கிடையாது என்பதையும் சின்னம்மா மறைக்கவில்லை. தனியார் துறையில் ஒரு சங்கம் அங்கீகாரம் பெற்றுவிட்டால், முதலாளியுடன் கூட்டு ஒப்பந்தம் போடலாம். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் அந்தப் பகுதிகள் அரசு ஊழியர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் தேசியக் கூட்டு மன்றத்தில் உட்கார்ந்து பேசலாம், கோரிக்கை வைக்கலாம். முடிவு அரசாங்கத்துடையது. "ஸ்கூல்ல மாணவர் தலைவன் மாதிரி. பேட்ஜ் இருக்கும். சாவி இருக்காது" என்றார்.

இப்போது அவரை உறுத்துவது வேறு. அவர் பள்ளியில் புதிதாக ஓர் ஆசிரியை சேர்ந்திருக்கிறார், 26 வயது. கெட்டிக்காரி. பிள்ளைகள் அவரை விட்டு நகர்வதில்லை. 2024 பிப்ரவரி 1ஆம் தேதிக்குப் பிறகு நிரந்தரப் பணியில் சேருகிறவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, ஊழியர் சேமநிதிதான் என்று அறிவிக்கப்பட்டதே, அந்த வரிசையில் வந்தவர். ஒரே ஆசிரியர் அறை, ஒரே கால அட்டவணை. அக்டோபரில் ஓய்வூதியத்தோடு போகிறவர் ஒரு மேசையில். 34 ஆண்டு கழித்து எவ்வளவோடு போவோம் என்று தெரியாதவர் அடுத்த மேசையில். பழைய சம்பளச் சீட்டின் கதை வேறு உருவத்தில் திரும்பி வந்தது போலத்தான் இருக்கிறது. அரசாங்கம் சொல்லும் கணக்கையும் சின்னம்மா புரிந்துகொள்கிறார். ஓய்வூதியச் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. "கணக்கு சரியாவே இருக்கட்டும். அந்தப் பொண்ணு சார்பா கணக்கைச் சரிபார்க்க ஒரு ஆள் வேணாமா?"

அந்த இளம் ஆசிரியை சங்கத்தில் சேரவில்லை. சேரச் சொன்னதற்கு, "எதுக்கு டீச்சர்? ஏதாவது நடந்தா டிக்டாக்ல போட்டுக்கலாம்" என்றாராம். சின்னம்மா கோபப்படவில்லை. டிக்டாக்கில் ஆயிரம் பேர் பார்ப்பார்கள், விசாரணை அறையில் பக்கத்தில் ஒருவரும் உட்காரமாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, உறுப்பினர் பாரத்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறார். அக்டோபருக்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆண்டு வேலைத் திட்டம்.

புறப்படும்போது பூச்சோங் நேயரைப் பற்றிக் கேட்டேன். கோபம் இல்லையா?

"அவர் மேல எனக்கு என்ன கோபம்? 1,700ல குடும்பம் நடத்துறாரு, வரியும் கட்டுறாரு. கேட்கத்தான் செய்வாரு. ஆனா அடுத்த தடவை கூப்பிட்டா, அவர் கிடங்குல சங்கம் இருக்கான்னு கேளு. என் தட்டுல இருக்கிறதைக் கொறைச்சா அவர் தட்டு நிறையாது. எங்க அப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு. வீட்டுல சாமி படத்துக்குப் பின்னால சங்கத்து அட்டையைச் செருகி வச்சிருப்பாரு. அந்த அட்டை எந்தத் தலைமுறையில கீழ விழுந்துச்சுன்னு தெரியல."

நம் நாட்டில் நூறு தொழிலாளர்களில் ஏறக்குறைய ஆறு பேர்தான் ஏதாவது ஒரு சங்கத்தில் இருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் பூச்சோங் நேயரைப் போலத்தான், பிரச்சினை என்று வந்தால் தனியாகப் போய் நிற்க வேண்டும். 2024 செப்டம்பரில் சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்தபின் சங்கம் தொடங்குவதும் சேருவதும் முன்பைவிட எளிது. அப்படியிருந்தும் என் காலை நிகழ்ச்சியில் அந்தத் தலைப்பை நான் ஒருநாளும் போட்டதில்லை. அடுத்தவர் சம்பளத்தைப் பற்றிய தலைப்புக்குத்தான் தொலைபேசி அலறும்.

கார் கதவைத் திறக்கும்போது சின்னம்மா வாசலில் இருந்து கேட்டார். "ஆமா, நீ ஒப்பந்தத்துலதானே வேலை பார்க்குற? நீ எந்தச் சங்கத்துல இருக்கே?"

வானொலியாக இருந்திருந்தால் ஒரு பாட்டைப் போட்டிருப்பேன்.