பை தந்தவருக்கு அபராதம், பை செய்தவருக்கு?



காலை வேளையில் பொத்தேரி ரயிலடியில் நின்று பாருங்கள். மின்சார ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஓடுகிறது. கையில் நாலு இட்லி. ஒரு பையில் சாம்பார், இன்னொரு பையில் சட்னி. கட்டிட வேலைக்குப் போகும் சித்தாள் கையில் ஒரு பை நிறையச் சூடான டீ. அது ஐந்து பேருக்குப் பங்கு.

"பிளாஸ்டிக் கெடுதல்" என்று உபதேசம் செய்கிறார்கள். கெடுதல்தான். சூட்டில் அதன் ரசாயனம் உணவில் இறங்கும். வீசிய பை வாய்க்காலை அடைக்கும். மேயும் மாட்டின் வயிற்றையும் அடைக்கும். வாய்க்காலைத் தூர்வாருபவனும் மாட்டை வளர்ப்பவனும் ஏழைதானே! பிளாஸ்டிக் ஒழியட்டும். நமக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் தொழிலாளி ஆசைப்பட்டா பையில் வாங்குகிறான்? நம் பாட்டன் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய், மரத்தடியில் நாலு பேரோடு உட்கார்ந்து குடித்தான். இன்று உட்கார நேரமில்லை, இடமுமில்லை. 150 பேருக்கு மேல் உள்ள ஆலையில் சாப்பாட்டு அறை வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. சின்னக் கட்டிட வேலைக்கும் வயல் வேலைக்கும் அந்தப் பாத்தியதைகூடக் கிடையாது. சோறு தின்னும் நேரத்தை முதலாளி பறித்தான். அந்த இடத்தில் பை வந்து உட்கார்ந்தது.

சட்டம் யாரைப் பிடித்தது? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சாப்பாடு கட்டும் தாள், டீக் கப், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் தடைப் பட்டியலில். கம்பெனிகள் அடைத்து அனுப்பும் உறைக்கு மட்டும் அன்று விலக்கு! 2020 ஜூனில் அந்த விலக்கைக் காகிதத்தில் எடுத்தார்கள். இன்றும் பெட்டிக்கடையில் சரஞ்சரமாகத் தொங்குவது என்ன? சிப்ஸ் பாக்கெட் இல்லையா? விற்ற உறையைக் கம்பெனியே திரும்பச் சேகரிக்க வேண்டும் என்பது 2016-ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் விதி. நம் தெருவுக்கு எந்தக் கம்பெனி வண்டி வந்தது?

டீக்கடைக்காரருக்கு அபராதம்; கம்பெனிக்கு லாபம். இது என்ன நியாயம்?

நாம் கேட்பது இதுதான். வேலைத்தலம்தோறும் உட்கார்ந்து சாப்பிட இடமும் நேரமும் வேண்டும். சிறு கடைக்காரருக்கு வாழையிலையும் தையல் இலையும் மலிவாகக் கிடைக்க சர்க்கார் வழிசெய்ய வேண்டும். உறை செய்து விற்றவரே அதை அள்ள வேண்டும்.

நாமும் தூக்குவாளியை மறுபடி கையில் எடுப்போம். ஆனால் அதைத் திறந்து வைத்துச் சாப்பிட ஓர் இடத்தையும் அரைமணி நேரத்தையும் சங்கமாகச் சேர்ந்து வாங்குவோம்!